ரோட்ஸ் நகரில் தங்கி எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கிரேக்கத்தின் தென்கிழக்குக் கோடியில், துருக்கிக் கரையின் மலைகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது ரோட்ஸ் தீவு. அங்கே போகிறவர்களில் பலர் தீவின் வடமுனையில் உள்ள ரோட்ஸ் நகரிலேயே அறை எடுக்கிறார்கள். விமான நிலையம் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, கப்பல் துறை நகரை ஒட்டியே இருக்கிறது, மதில் சூழ்ந்த பழைய ஊரைக் காலாற நடந்து பார்த்துவிடலாம். ஆகவே அந்த முடிவில் பிழையில்லை. குழப்பம் இரண்டாம் நாள் காலையில்தான் தொடங்குகிறது. தீவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. பழைய நகரங்களின் இடிபாடுகள், மலைக்கோட்டைகள், மடாலயங்கள், ஓடைப் பள்ளத்தாக்குகள், கடற்கரைகள் என எல்லாமே நகரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. எல்லாம் அருகில் இருப்பதாகத் தோன்றுவதாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை வருகிறது. நான்கு இரவு தங்குபவருக்கு உண்மையில் கிடைப்பவை மூன்று முழு நாட்கள். அவற்றில் ஒன்று நகருக்கே போய்விடும். மீதி இரண்டு நாட்களை எப்படிச் செலவிடுவது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதல் நாளை நகருக்கு ஒதுக்குவதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்த மதில் நகரம் ஒரு காட்சிக்கூடம் அல்ல. இன்றும் மக்கள் குடியிருக்கும், துணி உலர்த்தும், பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஊர். 1309-இல் இங்கே வந்து அமர்ந்த புனித யோவான் சபையின் வீரத் துறவிகள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இதை ஆண்டார்கள். 1480-இல் வந்த உதுமானியப் படையை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1522-இல் சுல்தான் சுலைமான் நேரில் வந்து ஆறு மாதம் முற்றுகையிட்டபோது தாக்குப்பிடிக்க முடியாமல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1523-ஆம் ஆண்டின் முதல் நாளில் தீவை விட்டுக் கப்பலேறினார்கள். அதன் பின் 1912-இல் இத்தாலியர் கைப்பற்றும்வரை உதுமானியர் ஆட்சி. 1947-இல் கிரேக்கத்துக்குக் கைமாறி, மறு ஆண்டு முறைப்படி இணைந்தது. இந்த நான்கு கைமாற்றங்களும் ஊரின் கற்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நகருக்குள் எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை எளிதாகும்.

நகருக்குள் இரண்டு கட்டடங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஒன்று சபைத் தலைவரின் அரண்மனை. மற்றொன்று வீரத் துறவிகளின் மருத்துவமனையாக இருந்து இன்று தொல்லியல் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடம். சுற்றுலா வரிசை நீள்வது அரண்மனை வாசலில்தான். வட்டக் கோபுரங்களும் பெரிய முற்றமும் கம்பீரமானவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் இருந்த பழைய அரண்மனை, 1856-இல் அருகே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் சிதைந்துபோனது. இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பகுதி 1937-க்கும் 1940-க்கும் இடையில் இத்தாலிய ஆட்சியாளர்கள் எழுப்பியது. தரையில் பதித்திருக்கும் அழகிய மொசைக் ஓவியங்களும் இந்த ஊருக்குச் சொந்தமானவை அல்ல. பக்கத்துத் தீவான கோஸிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது வேறு, தெரியாமல் 14-ஆம் நூற்றாண்டில் நிற்பதாக நினைத்துக்கொள்வது வேறு. மருத்துவமனையோ 1440-இல் தொடங்கி 1489-இல் முடிக்கப்பட்ட கட்டடம். மேல்தளத்தில் நோயாளிகளைக் கிடத்தியிருந்த நீண்ட கூடம், நடுவில் வரிசையாக நிற்கும் தூண்களும் வளைவுகளுமாக, பெரும்பாலும் அன்றிருந்த அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே ஒரு சிறு அறையில், குனிந்து அமர்ந்து தன் கூந்தலை இரு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கும், கிரேக்கரின் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் பளிங்குச் சிலை இருக்கிறது. அரை மீட்டர் உயரம்கூட இல்லை. கண்ணாடிப் பேழைக்கு அருகே போய்ப் பார்த்தால், கூந்தலின் ஒவ்வொரு பிரியும் விரல் இடுக்கில் நீர் வடியும் கனத்தோடு தொங்குவது தெரியும். நேரமோ பணமோ ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், என் தேர்வு அருங்காட்சியகம்.

இரண்டுக்கும் கட்டணம் உண்டு. கட்டணமே இல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதைப் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். நான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலின் வெளிப்புறத்தில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும் அகழி, தண்ணீர் நிரப்புவதற்காக வெட்டப்பட்டது அல்ல. பகைவரை இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கவைப்பதற்காக வெட்டப்பட்டது. இப்போது அதற்குள் இறங்கி நடக்கலாம். முற்றுகையின்போது வீசப்பட்ட கல்குண்டுகள் புல்லில் ஆங்காங்கே கிடக்கின்றன. மதிலின் உயரத்தை மேலிருந்து பார்ப்பதைவிட, தாக்க வந்தவன் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் ஆறு மாத முற்றுகை என்றால் என்ன என்று விளங்குகிறது. இத்துடன் பழைய ஊரின் கிழக்குப் பகுதியில் உள்ள யூதர் குடியிருப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். 1577-இல் கட்டப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ள கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் அங்கே இருக்கிறது. 1944 ஜூலையில் அந்தத் தெருக்களிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட யூதர்கள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பியவர்கள் மிகச் சிலர்.

ஒன்றை மட்டும் தேடிப் போக வேண்டாம்: உலக அதிசயங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் வெண்கலப் பேருருவம். கி.மு. 305-இல் தெமெத்ரியோஸ் என்ற தளபதி முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியபோது விட்டுச்சென்ற படைக்கருவிகளை விற்ற பணத்தில், லிண்டோஸ் ஊரைச் சேர்ந்த காரெஸ் என்ற சிற்பி சூரியத் தெய்வமான ஹீலியோஸுக்கு ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில் எழுப்பிய சிலை அது. 12 ஆண்டுகளில் முடிந்த அந்த வேலை, கி.மு. 226-ஐ ஒட்டி வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. விழுந்து கிடந்த சிலையின் கட்டைவிரலை இரு கைகளாலும் கட்டிப்பிடிக்கச் சிலராலேயே முடியும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இன்று அதில் ஒரு துண்டுகூட இல்லை. அது நின்ற இடமும் உறுதியாகவில்லை. மாண்ட்ராக்கித் துறைமுக வாயிலின் இருபுறமும் தூண்களின்மேல் நிற்கும் மான் உருவங்களைப் பார்த்துவிட்டு, கால் அகற்றி நிற்கும் பேருருவத்தை அங்கே கற்பனை செய்துகொள்வது சுற்றுலாக் கடைகளின் வழக்கம். மாலை நடைக்கு அந்தத் துறைமுகம் நல்ல இடம்தான், அதற்கு மேல் எதையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இனி நகருக்கு வெளியே. இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நம் தேர்வுக்கு நேரடியாக உதவுகிறது. ரோட்ஸ் நகரம் தீவின் மிகப் பழைய நகரம் அல்ல. லிண்டோஸ், காமிரோஸ், இயாலிசோஸ் என்ற மூன்று பழைய நகரங்கள் கி.மு. 408-இல் ஒன்றுசேர்ந்து, சதுரங்கப் பலகைபோல் தெருக்களை வகுத்து வடமுனையில் உண்டாக்கிய புது நகரம் அது. தாய் நகரங்கள் மூன்றும் அழிந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் மூப்படைந்தது. லிண்டோஸ் கிழக்குக் கரையில் கோயிலும் கோட்டையும் கிராமமுமாகத் தொடர்ந்து வாழ்கிறது. காமிரோஸ் மேற்குக் கரையில் நிலநடுக்கங்களுக்குப் பின் மெல்லக் கைவிடப்பட்டு மண்ணுக்குள் போனது. இயாலிசோஸின் குன்று, கோயில் மேல் தேவாலயமும் தேவாலயத்தின்மேல் மடாலயமுமாக ஃபிலேரிமோஸ் என்ற பெயரில் நிற்கிறது. வரலாற்றில் நாட்டமுள்ளவருக்கு மீதி இரண்டு நாட்களின் அடிப்படைத் தேர்வு இந்த மூன்றுக்குள்தான்.

லிண்டோஸை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வளைவு ஒன்றைக் கடந்ததும் வெள்ளை வீடுகள், அவற்றுக்கு மேல் 116 மீட்டர் உயரப் பாறை, பாறையைச் சுற்றி வீரத் துறவிகளின் மதில், மதிலுக்கு மேல் அதீனா என்ற கிரேக்கப் பெண்தெய்வத்தின் கோயில் தூண்கள், பின்னணியில் கடல் என்று எல்லாம் ஒரே பார்வையில் விரிகின்றன. அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும் மிகையல்ல. மேலே ஏறும் வழியில், கோட்டைப் படிக்கட்டின் அடியில் பாறையிலேயே செதுக்கிய ஒரு போர்க்கப்பலின் பின்பகுதி இருக்கிறது. கி.மு. 180-ஐ ஒட்டி, பித்தோகிரித்தோஸ் என்ற சிற்பி வடித்தது. அதன் மேல்தட்டு, ஹேகசாந்தரோஸ் என்ற கடற்படைத் தலைவரின் சிலைக்குப் பீடமாக இருந்தது. சிலை போய்விட்டது, கப்பல் இருக்கிறது. மேலே வளைந்து எழும் கப்பலின் பின்முனை, சுக்கான் துடுப்பு, மாலுமி அமரும் இருக்கை ஆகியவற்றை விரலால் தொட்டுக் காட்டும் தெளிவில் பார்க்கலாம். கோயிலை நோக்கிப் படியேறும் அவசரத்தில் பெரும்பாலோர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், லிண்டோஸில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று என்றால் இதுதான். மேலே கி.மு. 200-ஐ ஒட்டிய, 42 தூண்கள் கொண்ட முகமண்டபமும், அதற்கும் மேலே பாறையின் விளிம்பில் அதீனா லிண்டியாவின் சிறு கோயிலும் உள்ளன. நிமிர்ந்து நிற்கும் தூண்களில் சில, பழைய துண்டுகளோடு புதியவற்றையும் சேர்த்து நிறுத்தியவை என்பதை இங்கும் நினைவில் வைக்க வேண்டும்.

லிண்டோஸின் குறைகள் அதன் புகழிலிருந்தே வருகின்றன. கோடையில் முற்பகல் பத்து மணிக்குமேல் பேருந்துகளும், துறைமுகத்தில் நிற்கும் சொகுசுக் கப்பல்களின் பயணிகளும் ஒரே குறுகலான தெருவில் சேருகிறார்கள். வாகனங்கள் ஊருக்குள் வருவதில்லை. மேலே ஏற நடக்க வேண்டும். பாறையின்மேல் நிழல் என்பதே இல்லை. பல தலைமுறைகளின் காலடி பட்டுப் படிகள் கண்ணாடிபோல் வழுக்கும். செருப்பு அணிந்து ஏறுவது வினையை விலைக்கு வாங்குவது. நடக்க இயலாதவர்களுக்குக் கழுதைச் சவாரி உண்டு. 100 கிலோவுக்கு மேல் அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி செய்திருக்கிறது. அந்த விதியே தேவைப்பட்டது என்பதிலிருந்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஏற முடியாதவர் கீழேயே இருந்து, கருப்பு வெள்ளைக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்துக் கோலம்போல் அமைத்த முற்றங்களையும், கப்பல் தலைவர்களின் பழைய வீடுகளின் செதுக்கிய நிலைவாசல்களையும், சுவர் முழுதும் ஓவியம் தீட்டிய மாதா கோயிலையும் பார்க்கலாம்; அது ஏமாற்றம் தரும் மாற்று அல்ல. தெற்கே உள்ள சிறு வளைகுடாவுக்குப் புனித பவுலின் பெயர். அவர் ரோட்ஸ் வழியாகப் பயணம் செய்ததை விவிலியம் குறிப்பிடுகிறது. அந்த வளைகுடாவில் இறங்கினார் என்பது ஊர் வழக்கு.

காமிரோஸ் இதற்கு நேர் எதிர். நகரிலிருந்து மேற்குக் கரையோரமாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால், கடலைப் பார்த்த சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு முழு நகரத்தின் தரைப்படம் கிடக்கிறது. தரைப்படம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே கோட்டை மதில் இல்லை, வானளாவிய தூண்கள் இல்லை, பிற்காலத்தவர் எழுப்பிய கட்டடங்கள் எதுவும் மேலே ஏறி உட்காரவில்லை. கீழே பொதுச் சதுக்கமும் கோயிலும் நீர்த்தொட்டியும்; நடுவில் நேரான தெருவின் இருபுறமும் வீடுகள்; உச்சியில் அதீனாவின் கோயிலும், அதை ஒட்டி ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்கு ஓடிய தூண்மண்டபத்தின் அடித்தளமும். அந்த மண்டபத்துக்கு முந்திய காலத்தில் வெட்டப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. 600 கன மீட்டர் கொள்ளளவுள்ள அதன் உள்சுவருக்குச் சாந்து பூசி, இருபுறமும் இறங்கப் படிகள் வைத்து, அடியில் துளையிட்டுக் குழாய்வழியே கீழுள்ள வீடுகளுக்குத் தண்ணீர் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நின்று, அங்கிருந்து நீர் இறங்கிய அதே திசையில், தெருவோடு கண்ணை ஓடவிட்டால் கடைசியில் கடல் நிற்கிறது. கோயிலைப் பார்க்க லிண்டோஸுக்குப் போகலாம். மனிதர் எப்படிக் குடியிருந்தார்கள் என்று பார்க்கக் காமிரோஸுக்குத்தான் போக வேண்டும்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். இடிபாடுகளைப் படிக்கத் தெரியாதவருக்கு, அல்லது படிக்கப் பொறுமையில்லாதவருக்கு, காமிரோஸ் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். குழந்தைகளுக்குப் பத்து நிமிடத்தில். காட்சிக்குரிய பொருட்கள் எதுவும் அங்கே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சால்ஸ்மன், பிலியோட்டி என்ற இருவர் அங்குள்ள கல்லறைகளைத் தோண்டி எடுத்த பொருட்களில் பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் பாரிஸின் லூவருக்கும் போய்விட்டது. எஞ்சியவற்றையும் பின்னாளில் இத்தாலியர் அகழ்ந்து கண்டவற்றையும் பார்க்க ரோட்ஸ் நகரின் அருங்காட்சியகத்துக்குத்தான் வர வேண்டும். முதல் நாளில் அரண்மனைக்குப் பதிலாக அருங்காட்சியகத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அங்கே பானைகளைப் பார்த்தவர், இங்கே வெறும் சுவர்களுக்கு நடுவே அவற்றை வைத்துப் பார்க்க முடியும்.

மூன்றாவதான ஃபிலேரிமோஸ் மிக அருகில், 15 கிலோமீட்டருக்குள். 267 மீட்டர் உயரக் குன்றின்மேல் சமதளம். அதீனா கோயிலின் அடித்தளம், அதன்மேல் எழுந்த தொடக்கக்காலத் தேவாலயத்தின் சிலுவை வடிவ ஞானஸ்நானத் தொட்டி, பக்கத்தில் இத்தாலியர் புதுப்பித்த மடாலயம், சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டிய சிலுவைப் பாதை, அதன் முடிவில் உள்ளே படியேறிப் போகக்கூடிய பெரிய கான்கிரீட் சிலுவை, நடுவே தோகையை இழுத்துக்கொண்டு அலையும் மயில்கள். தனித்து இதற்காக ஒரு நாளைச் செலவிடுவது தகாது. ஆனால் கார் மேலேயே போகும், நிழல் உண்டு, காற்று உண்டு. வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கு மூன்றிலும் இதுவே எளிது. விமான நிலையத்துக்குப் பெயர் தந்த குத்துச்சண்டை வீரர் தியாகோரஸ் இந்த இயாலிசோஸைச் சேர்ந்தவர், கி.மு. 464-இல் ஒலிம்பியாவில் வென்றவர். ஊரின் மேலான பெருமை இன்று விமானப் பயணச் சீட்டில் அச்சாகிறது.

மூன்றையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்தபின், முடிவை உண்மையில் தீர்மானிப்பது ரசனை அல்ல, வண்டிதான் என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். ரோட்ஸில் கிழக்குக் கரைப் பேருந்துகளும் மேற்குக் கரைப் பேருந்துகளும் வெவ்வேறு நிர்வாகங்களுக்கு உட்பட்டவை. இரண்டும் மாண்ட்ராக்கித் துறைமுகத்துக்குப் பின்னால், புதிய சந்தையை ஒட்டிய இடங்களிலிருந்தே புறப்பட்டாலும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மலையைக் குறுக்காகக் கடந்து செல்லும் வசதி பேருந்தில் கிடைப்பது அரிது; நகருக்குத் திரும்பி வந்துதான் மாற வேண்டும். கிழக்கே லிண்டோஸுக்குப் பருவகாலத்தில் பேருந்துகள் தாராளமாக உண்டு. மேற்கே காமிரோஸுக்கு மிகக் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பைன் மர நிழலில் நெடுநேரம் காத்திருக்க நேரிடும். ஆகவே காரோ ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுக்காதவர் லிண்டோஸைத் தேர்வதே முறை. காரெடுத்தவருக்கு மேற்குக் கரை ஒரே நாளில் மூன்று இடங்களைத் தருகிறது: காலையில் ஃபிலேரிமோஸ், நண்பகலில் மரநிழல் பள்ளத்தாக்கான பெட்டலூதெஸ், வெயில் சாய்ந்தபின் காமிரோஸ். இந்த வரிசையை நான் பரிந்துரைப்பது தொலைவை மட்டும் எண்ணி அல்ல. திறந்தவெளி இடங்களைக் காலைக்கும் மாலைக்கும் ஒதுக்கி, உச்சி வெயிலை மரங்களுக்கு அடியில் கழிக்கும் வழி இது.

இயற்கைக் காட்சிகளுக்கு வருவோம். பெட்டலூதெஸ் என்றால் பட்டாம்பூச்சிகள். நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஓடையோரமாக மேலேறும் குறுகிய பள்ளத்தாக்கு. பெயர் அப்படியிருந்தாலும் அங்கே கூடுபவை பட்டாம்பூச்சிகள் அல்ல, அந்துப்பூச்சிகள். ஓடையின் ஈரமும், பிசின் மணம் வீசும் லிக்விடாம்பர் மரங்களின் நிழலும் தேடி, ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆயிரக்கணக்கில் வந்து அடிமரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மூடிய இறகுகள் கருப்பில் வெண்மஞ்சள் கோடுகளாக மரப்பட்டையோடு கலந்துவிடுவதால், முதல் சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. பிறகு ஒன்று இறகை லேசாக அசைக்கும், உள்ளே செம்மஞ்சள் மின்னும். அப்போதுதான் மரம் முழுவதும் அவைதான் என்று கண்ணுக்குப் பிடிபடும். கோடை முழுவதும் அவை பெரும்பாலும் உணவில்லாமல், சேர்த்துவைத்த சக்தியிலேயே ஓய்ந்திருந்து, பருவத்தின் முடிவில் இணைசேர்கின்றன. கை தட்டியும் சீட்டியடித்தும் அவற்றைப் பறக்கவிடும் பயணிகளால் அந்தச் சேமிப்பு வீணாகிறது, எண்ணிக்கையும் குறைகிறது. ஓசை எழுப்பக் கூடாது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டே தட்டுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் நம் குழுவில் இருந்தால், வேறு இடத்துக்குப் போவதே அந்தப் பூச்சிகளுக்குச் செய்யும் உதவி. ஏப்ரலிலோ அக்டோபர் இறுதியிலோ செல்பவருக்கு இது ஒரு நல்ல காட்டு நடை மட்டுமே. பூச்சிகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கிழக்குக் கரையில் இதற்கு ஈடாகச் சொல்லப்படுவது எப்டா பீயெஸ், அதாவது ஏழு ஊற்றுகள். நகரிலிருந்து 30 கிலோமீட்டர் அளவில், லிண்டோஸ் செல்லும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். ஊற்றுநீர் ஒன்றுசேர்ந்து ஓடும் இடத்தில் இத்தாலியர் 186 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைக் குடைந்து, நீரைச் சிறு ஏரியில் தேக்கி, கொலிம்பியாவில் தாங்கள் குடியமர்த்திய விவசாயிகளின் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். இன்று அந்தச் சுரங்கமே விளையாட்டு. ஒருவர் பின் ஒருவராக, கும்மிருட்டில், கணுக்கால் அளவு குளிர்ந்த நீரில், தோள் இரு சுவரிலும் உரச நடந்து மறுமுனையில் ஏரிக்கரையில் வெளிப்படலாம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தீவிலேயே மிகவும் பிடிக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். இருட்டும் இடுக்கும் ஒத்துக்கொள்ளாதவர் வெளியே பாதை வழியாகவும் ஏரிக்குப் போகலாம். பெட்டலூதெஸோடு ஒப்பிட்டால் இயற்கையின் அருமை இங்கே குறைவு, விளையாட்டு அதிகம், நேரம் சிறிது போதும். லிண்டோஸ் போய்த் திரும்பும் வழியில், காரோடு வருபவருக்கு, பிற்பகலின் சூட்டைத் தணிக்க ஏற்ற இடம்.

கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்பவர், கிழக்குக் கரையைத் தேர்வது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வடமேற்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று மேற்குக் கரையை அலைகளால் நிரப்பும். மலையின் மறைவில் இருக்கும் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நகருக்கு ஒன்பது கிலோமீட்டருக்குள் உள்ள கலித்தேயா ஊற்றுவளாகம் அரை நாளுக்குப் போதுமானது. 1920-களின் இறுதியில் பியெத்ரோ லொம்பார்தி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் அமைத்த குவிமாடக் கூடமும் கூழாங்கல் தரைகளும் புதுப்பிக்கப்பட்டு 2007-இல் திறக்கப்பட்டன. நோய் தீர்க்கும் நீர் இப்போது இல்லை. பாறைகளுக்கு நடுவே தெளிந்த கடல் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கொடுத்துக் கடலில் குளிப்பதா என்று தயங்குபவர்கள், சற்றுத் தெற்கே சம்பிகா கடற்கரைக்குப் போகலாம். அதற்கு மேலே, ஏறத்தாழ 300 படிகள் ஏறிச் சென்றால் ஒரு சிறு வெள்ளை மடாலயம். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் வெறுங்காலோடு ஏறும் இடம் அது. வரம் பலித்தால் பிள்ளைக்குச் சம்பிகோஸ் அல்லது சம்பிகா என்று பெயரிடுவார்கள். ரோட்ஸில் கடைப் பலகையிலோ கடவுச்சீட்டு வரிசையிலோ அந்தப் பெயரைக் கேட்டால், அவருடைய தாய் ஒருநாள் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

மற்ற விருப்பங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படகில் சீமி தீவுக்கு ஒரு நாள் பயணம் அழகானது. துறைமுகத்தைச் சுற்றிப் படியடுக்காக ஏறும் வண்ண வீடுகளுக்கு இணை ரோட்ஸில் இல்லை. ஆனால் அது ரோட்ஸைப் பார்ப்பது ஆகாது, ஐந்தாம் நாள் உள்ளவருக்கே தகும். தென்முனையில் இரு கடல்கள் ஒரு மணல் திட்டின் இருபுறமும் மோதும் பிரசோனிசிக்குக் காற்றுப்பலகைச் சவாரிக்காரர்கள் போவார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு தொலைவு காரோட்டிப் போக அது போதிய காரணம் அல்ல. மொனோலிதோஸ் பாறைக்கோட்டையை, காமிரோஸுக்கு அப்பாலும் செல்ல நேரமுள்ளவர் அந்திவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் தீவின் தென்கிழக்கில் பரவிய காட்டுத்தீயால் ஏறத்தாழ 19,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அந்தச் சரிவுகளில் கருகிய மரங்களைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியதில்லை; ஆனால் கடும் வெப்ப நாட்களில் காட்டுப் பாதைகளுக்குப் போகும் முன் உள்ளூர் அறிவிப்பைக் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

ஆக, என் முடிவு இவ்வாறு அமைகிறது. வண்டியில்லாமல் ஒரே ஒரு நாள் வெளியே போகக் கிடைத்தவர், முதல் பேருந்தைப் பிடித்து லிண்டோஸுக்குப் போய், கூட்டம் சேருமுன் மேலே ஏறி இறங்கிவிட வேண்டும். பதினொரு மணிக்கு ஏறத் தொடங்குவதானால் போகாமலே இருக்கலாம். வண்டியும் ஒரு நாளும் உள்ளவர், பூச்சிகள் இருக்கும் பருவமானால், லிண்டோஸை விட்டுவிட்டு மேற்குக் கரையின் மூன்று இடங்களையும் தேர்வதே மேல் என்று துணிந்து சொல்வேன். ஊருக்குத் திரும்பியபின் ‘லிண்டோஸ் பார்க்கவில்லையா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அது உண்மைதான். இரண்டு நாள் உள்ளவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொரு கரைக்கும் ஒரு நாள். முதியவர்களோடு செல்பவர், லிண்டோஸின் இடத்தில் கலித்தேயாவை வைத்து, ஃபிலேரிமோஸையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் செல்பவருக்குப் பெட்டலூதெஸ் கழிந்துவிடும், ஆனால் மலையில் நடக்க வெயில் இதமாக இருக்கும்; அந்த மாதங்களில் காமிரோஸுக்கு முழு முற்பகலையும் கொடுக்கலாம்.

கிளம்பும் நாளன்று விமானம் இரவில் என்றால், பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நகரின் மேற்கே உள்ள மான்டே ஸ்மித் குன்றுக்கு நடந்தே போய்விடலாம். பழைய ரோட்ஸின் விளையாட்டரங்கமும், அப்பல்லோ கோயிலின் நிமிர்த்திவைத்த சில தூண்களும் அங்கே இருக்கின்றன. வேலியோ வரிசையோ இல்லை. 1802-இல் அங்கிருந்து கடலைக் கண்காணித்த ஸ்மித் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குன்றில், ஓட்டப்பந்தயத் தரையில் ஊர்க்காரர்கள் மாலைநடை போவார்கள். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து, துருக்கிக் கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும்வரை பார்த்துவிட்டு இறங்கினால், விமானத்துக்கு நேரம் சரியாக இருக்கும்.